நைல் நதியில் விழாத வளையல்

மாமு,

நைல் நதிக்கு அடியில் கிடக்க வேண்டிய வளையல் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. பச்சைக் கண்ணாடி வளையல், திருவொற்றியூர் தேரடிப் பக்கத்துக் கடையில் என் தனம் வாங்கியது. போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டில் உன் தங்கை அதை ஒரு மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து என் கையில் கொடுத்தாள். டப்பாவைத் திறந்தால் கருவாட்டு வாசனை வருகிறது. அவள் வீட்டுப் பரணில் கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்திலேயே இத்தனை நாளும் இருந்திருக்கிறது.

நீ செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிற வழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. நீ உயிரோடு இருந்தபோதே நான் உனக்கு ஒரு வரி எழுதினதில்லை. ஆனால் இதை உன்னிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கோபத்தில்தான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துறைமுகத்தில் நாம் வேலை பார்த்த விதத்தை நினைத்துப் பார். நான் கிரேன் கூண்டில், நீ கப்பலின் மேல்தளத்தில். சரக்கு அறைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது. கம்பி வடம் இருட்டுக்குள் இறங்குவது மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரியும். நீ விளிம்பில் நின்று குனிந்து பார்ப்பாய், பிறகு நிமிர்ந்து எனக்குக் கை காட்டுவாய். விரல் மேலே சுழன்றால் ஹாபிஸ், தூக்கு. உள்ளங்கை கீழே பார்த்து அசைந்தால் ஆரியா, இறக்கு. இருபத்தாறு வருஷம் நான் உன் கையைப் பார்த்துத்தான் இறக்கினேன், ஏற்றினேன். எத்தனையோ டன் இரும்பை, கீழே ஆட்கள் நிற்கும்போதே, உன் உள்ளங்கையை மட்டும் நம்பி இறக்கியிருக்கிறேன்.

அந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தூக்கச் சொன்ன கைதான் இறக்கச் சொல்ல வேண்டும். நடுவில் கப்பல் அதிகாரியே வந்து கத்தினாலும் கிரேன்காரன் அசையக் கூடாது. ஒன்றுக்கு மட்டும் விலக்கு. நிறுத்து என்று யார் வேண்டுமானாலும் காட்டலாம். டீ கொண்டுவருகிற அம்மா காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். ஒரு நாள் இரும்புச் சுருள் இறங்கிக்கொண்டிருந்தபோது நீ திடீரென்று இரண்டு கையையும் விரித்தாய். ஏன் என்று தெரியாமலே நிறுத்திவிட்டேன். வேலை முடிந்து வெளியே வரும்போதுதான் சொன்னாய், உள்ளே ஒருத்தன் கால் இடறி விழுந்து எழுந்துகொண்டிருந்தான் என்று. நான் அதைத் திருப்பிக் கேட்கக்கூட இல்லை. உன் கை சொன்னால் உள்ளே ஆள் இருக்கிறான், அவ்வளவுதான்.

நம்மை எகிப்துப் பக்கம் இழுத்துவிட்டது ஒரு காலண்டர். சரக்கு இறக்கிய ஏதோ ஒரு கப்பலின் சமையல்காரன் கிளம்பும்போது எனக்குக் கொடுத்தது. பன்னிரண்டு தாளிலும் நைல் நதியும் கோயில்களும். தனம் அதைச் சமையலறையில் மாட்டினாள். வருஷம் முடிந்தும் கழற்றவில்லை. எண்ணெய்ப் புகை பட்டுப் படமெல்லாம் மஞ்சளாகி, அந்த ஊர் வெயில் இன்னும் கூடிவிட்டது போல ஆனது. மாதத்துக்கு ஒரு தாள் என்பதெல்லாம் அவளிடம் கிடையாது. ஆற்று வளைவில், தண்ணீரின் ஓரத்திலேயே நிற்கிற ஒரு கோயில், அதன் எதிரே ஒரு வெள்ளைப் படகு. அந்தத் தாளைத்தான் எப்போதும் மேலே விட்டிருப்பாள். கோம் ஓம்போ என்று கீழே அச்சிட்டிருந்ததை நான்தான் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அவளுக்கு அது கடைசிவரை "அந்த ஆத்தங்கரை கோயிலு"தான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போதெல்லாம் நீ அந்தப் படத்தின் கீழேதான் உட்காருவாய். நீ கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, எங்களுக்கும் பிள்ளை இல்லை. ரிட்டையர் ஆனதும் மூன்று பேரும் அந்தப் படகில் நாலு நாள் போவது என்று பேசிப் பேசியே பாதி ஊரைப் பார்த்துவிட்டோம். யார் ஜன்னல் பக்கம் என்பதற்கு நீயும் தனமும் சண்டை போட்டது எனக்கு நினைவிருக்கிறது. விட்டுக்கொடுக்கச் சொன்ன என்னை இரண்டு பேரும் சேர்ந்து திட்டினீர்கள்.

கடைசியில் மூன்று பேருக்கும் சேர்த்தே பதிவு செய்தோம். லக்ஸரில் ஏறி அஸ்வானில் இறங்குவது, வழியெல்லாம் கோயில். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது தனத்துக்குக் கால் வீங்கியது. சிறுநீரகம் என்றார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ், பயணம் கூடாது. எங்கள் இரண்டு பேர் பதிவையும் ரத்து செய்தேன். நீயும் போகவில்லை என்றுதான் சொன்னாய், அதை நான் மறைக்க மாட்டேன். தனம்தான் விடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே உன்னை அதட்டினாள்.

"நீங்க போய்ட்டு வாங்கண்ணே. மூணு பேர்ல ஒருத்தராவது பாக்கணும். வந்து எனக்கு ஒண்ணு விடாம சொல்லணும்."

பிறகு இடது கையிலிருந்து ஒரு வளையலைக் கழற்றினாள். கை வீங்கியிருந்ததால் சோப்பு போட்டுத்தான் கழற்ற முடிந்தது, நர்ஸ் வந்து உதவினாள். அந்த ஆற்றங்கரைக் கோயில் எதிரே வரும்போது இதைத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும் என்று உன்னிடம் கொடுத்தாள். "நா வரலன்னா இன்னா, என் வளையலு போவட்டும். திரும்பி வரவேணாம், அங்கயே கெடக்கட்டும்" என்றாள். நீ அதைக் கைக்குட்டையில் சுற்றி மேல்சட்டைப் பைக்குள் வைத்தாய். மாடிப்படியில் நானும் உன் தோளைத் தட்டிச் சொன்னேன், போய்ட்டு வாடா, நீ கை காட்டினால் போதும், நாங்கள் பார்த்த மாதிரிதான் என்று. இதைச் சொன்னதற்காக இப்போது என்னையே திட்டிக்கொள்கிறேன்.

நீ போயிருந்த பத்து நாளும் தனம் காலண்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு அண்ணன் இங்கே இருப்பார், நாளைக்கு அங்கே இருப்பார் என்று விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் ராயபுரம் மாதா கோயிலில்கூட உனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். சாமி கும்பிடாத என்னை நீ எவ்வளவு கேலி செய்வாய் என்று தெரிந்தும் ஏற்றினேன்.

நீ கறுத்துப்போய்த் திரும்பி வந்தாய். அந்த வெயில் எந்த ஊர் வெயில் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? படம் எங்கே என்று கேட்டோம். வளையலைப் போடக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்த போனும் சேர்ந்து ஆற்றில் விழுந்துவிட்டது என்றாய். தனம் பதறிப்போனாள். என்னால்தானே அண்ணனுக்கு போன் போனது என்று இரண்டு நாள் புலம்பி, என்னைப் பாரிமுனைக்கு அனுப்பி உனக்குப் புதுப் போன் வாங்க வைத்தாள். நீயும் கையை நீட்டி வாங்கிக்கொண்டாய். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, அந்தச் சிரிப்பில் கொஞ்சம்கூட நல்லெண்ணம் இல்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நீ சொன்னாய், நாங்கள் கேட்டோம். டயாலிசிஸ் முடிந்து அவள் சோர்ந்து படுத்திருக்கிற நாட்களில் தவறாமல் வந்தாய். கர்னாக் கோயில் தூண்களை ஐந்து பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது என்றாய். எட்ஃபுவில் குதிரை வண்டியில் ஏற்றிப் போனார்கள் என்றாய். ஆற்றங்கரைக் கோயிலில் முதலைகளைத் துணியில் சுற்றிப் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள் என்றாய். எல்லாம் சரி, ஒன்றிலும் பிசகில்லை. ஆற்றைப் பற்றியும் சொன்னாய்.

"சாயங்காலம் தண்ணி ஏறும் தங்கச்சி. படகு ரெண்டு அடி மேல வந்துடும், பலக செங்குத்தா நிக்கும். காத்துல உப்பு வாசன வரும். அந்த நேரத்துல ஆயிரம் ரெண்டாயிரம் பூநார, ரோஸ் கலர்ல, கால் நனையற தண்ணில நின்னுகினு இருக்கும் பாரு."

தனம் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. தண்ணீர் என்றால் ஏறும், இறங்கும். ஏறினால் பலகை செங்குத்தாகும். பிறந்ததிலிருந்து கடலையே பார்த்தவனுக்கு அதில் சந்தேகம் வர என்ன இருக்கிறது? நீயும் அப்படித்தான் சந்தேகமில்லாமல் சொன்னாய். ஏமாற்றியவனும் ஏமாந்தவனும் ஒரே பேட்டைக்காரர்கள்.

வளையல் கதையை மட்டும் அவள் மறுபடி மறுபடி கேட்பாள். காலை ஏழு மணிக்குக் கோயில் எதிரே வந்தது, போட்டேன், ஒரு சத்தம்கூட இல்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாய். அவள் இடது கையில் மிச்சம் மூன்று வளையல். ஊசி போட வருகிற நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரி, வார்டைக் கூட்டுகிற அம்மா, எல்லோரிடமும் கையைத் தூக்கிக் காட்டுவாள். "நாலாவது எகிப்துல கீது" என்பாள். செத்தபிறகு குளிப்பாட்டிய பெண்கள் ஏன் ஒரு கையில் நாலு, ஒரு கையில் மூன்று என்று கேட்டார்கள். நான் அதே பதிலைச் சொன்னேன். நீ எனக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாய்.

அவள் போனபிறகு ஒரு வருஷம், தினம் சாயங்காலம், காசிமேட்டில் அலைக்குப் போட்ட கல்லின் மேல் நானும் நீயும் உட்கார்ந்திருந்தோம். எத்தனை சாயங்காலம் என்று எண்ணிப் பார். அதில் ஒரு நாள் சொன்னேன், நான் அங்கே போகப்போகிறேன், கோயில் குளம் பார்க்க இல்லை, அவள் வளையல் கிடக்கிற தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று. நீ வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தாய். உரிப்பதை நிறுத்தவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய், "போய்ட்டு வா மாமு."

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பஸ்ஸுக்கு நின்றபடியே சரிந்து விழுந்தாய். உனக்குக் கொள்ளி வைத்தது நான். அதன் பிறகு மூட்டு ஆபரேஷன், பாஸ்போர்ட் புதுப்பிப்பு என்று இழுத்து, இந்த ஜனவரியில்தான் போக முடிந்தது. பெட்டியில் தனத்தின் குங்குமச் சிமிழை வைத்துக்கொண்டேன். வளையல் விழுந்த இடத்தில் கொஞ்சம் குங்குமம் போட வேண்டும் என்பது மட்டும்தான் என் திட்டம்.

லக்ஸரில் படகு ஏறப் போனோம். நாலு மாடிப் படகு. ஆனால் கரையில் எங்கள் படகு இல்லை. கரையை ஒட்டி ஒரு படகு, அதை ஒட்டி இன்னொன்று, அதற்கு அந்தப் பக்கம் இன்னொன்று. ஒன்றின் கதவு வழியாக நுழைந்து, வரவேற்பு மேசையைத் தாண்டி, அந்தப் பக்கக் கதவு வழியாக அடுத்ததில் கால் வைக்க வேண்டும். நாலாவதுதான் எங்களுடையது. என்னோடு வந்த அண்ணாநகர்க்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். காசிமேட்டில் விசைப்படகு இப்படித்தானே நிற்கும்! பத்துப் படகு தாண்டிக் குதித்துத்தானே உன் அப்பா தன் படகுக்குப் போவார், நீயும் பின்னாலேயே குதித்து உதை வாங்குவாய். இதை ஏன் நீ சொல்லவில்லை என்று தோன்றியது. மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் ஆற்றின் மேற்குக் கரையில் ஒரு ராணி கட்டிய கோயில், மலையை வெட்டிப் படிப்படியாக. வழிகாட்டி வேகவேகமாகப் பேசிக்கொண்டே போனான். ஒரு மண்டபச் சுவர் முன்னால் நான் நின்றுவிட்டேன். சுவர் முழுக்கக் கப்பல். சரக்கு ஏற்றுகிறார்கள் மாமு. பலகை போட்டிருக்கிறார்கள், அதில் ஆட்கள் மூட்டையோடு வரிசையாக ஏறுகிறார்கள். வேரோடு பிடுங்கிய மரத்தைக் கூடையில் வைத்து, கழியில் கட்டி, தோளில் தூக்கி வருகிறார்கள். மேல்தளத்தில் சரக்கு அடுக்கியிருக்கிற அழகைப் பார்த்தால், சரிகிற மாதிரி ஒன்றுகூட இல்லை, தெரிந்தவன் அடுக்கியது. அரை மணி நேரம் நான் அங்கே நின்றேன். குழு என்னை விட்டுவிட்டுப் போய், ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள்.

அந்தக் கோயிலைப் பற்றி நீ எங்களுக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறாய். ராணி ஆண் வேஷத்தில் ஒட்டுத்தாடி வைத்துக்கொண்டாள் என்பது வரை. இந்தச் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வேறு எவன் இதைக் கவனிக்காமல் போனாலும் போகலாம். நீ எப்படிப் போவாய்? நீ வந்திருந்தால் எட்டு மாதமும் இந்தச் சுவரை மட்டும்தானே சொல்லியிருப்பாய். இந்தப் பக்கம் உன்னைக் கூட்டிவராமலே அவசரமாகக் கிளப்பியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்ஃபுவில் படகு கரையில் நின்ற சாயங்காலம், நீ சொன்ன தண்ணீர் ஏற்றத்தைப் பார்க்க மேல்தளத்தில் போய் உட்கார்ந்தேன். கரையில் கல் படி. தண்ணீருக்கு மேலே ஆறு படி தெரிந்தது. இருட்டும்வரை பார்த்தேன், ஆறு படி. விடிந்ததும் போய்ப் பார்த்தேன், அதே ஆறு படி, ஈரக்கோடு அதே இடத்தில். காற்றை இழுத்துப் பார்த்தேன், உப்பே இல்லை. வழிகாட்டியிடம் கேட்டபோது அவன் சிரித்தான். இந்த ஆறு கடலில் சேர இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்றான், மேலே அணை இருக்கிறது, அங்கே திறந்துவிடுகிற அளவுதான் இங்கே தண்ணீர் என்றான். ரோஸ் நிறப் பறவைகள் என்று போனில் படம் தேடிக் காட்டினேன். இந்தப் பக்கத்தில் நான் பார்த்ததில்லை என்றான்.

பூநாரையும், ஏறி இறங்குகிற தண்ணீரும், உப்புக் காற்றும் எங்கே இருக்கிறது என்று வடசென்னையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பழவேற்காடு, உன் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர். நான் படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். உடம்பு சரியில்லையா என்று ஒருவர் வந்து கேட்டார்.

அன்று பகல் கோம் ஓம்போ வந்தது. ஆறு வளைகிறது, வளைவில் தண்ணீர் ஓரத்திலேயே கோயில், எங்கள் சமையலறையில் மாட்டியிருந்தது போலவே. எல்லோரும் கம்பியோரம் வந்து படம் எடுத்தார்கள். நான் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முந்தின நாள்வரை அந்தத் தண்ணீரில் என் தனம் கொஞ்சமாவது இருந்தாள். அதற்காகத்தான் ஆபரேஷன் செய்த காலை இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தேன். இப்போது அது வெறும் தண்ணீர். சிமிழைத் திறக்காமல் திரும்பப் பையில் வைத்துவிட்டேன். கோயிலுக்குள் போகவும் இல்லை. மற்றவர்கள் முதலைகளைப் பார்க்கப் போனபோது நான் அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அவளுக்காக அழுதேனா, உன்மேல் வந்த ஆத்திரத்தில் அழுதேனா என்று எனக்குத் தெரியாது.

ஊர் திரும்பிய நாலாம் நாள் ரயிலில் பொன்னேரி போய், அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு போனேன். உன் தங்கை வாசலில் மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க என்னிக்கினா வருவீங்கன்னு தெரியும்ணே" என்றாள்.

நான் ஒன்றும் கேட்கவே இல்லை, அவளே சொன்னாள். விமான நிலைய வாசல்வரை போனாயாம். உள்ளே போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றாயாம். கால் வரவில்லையாம். தலைக்கு மேல் ஐந்து டன் தொங்கும்போது அசையாமல் நின்றவனுக்கு விமானத்தில் ஏற பயம். அன்று சாயங்காலமே பெட்டியோடு அவள் வீட்டுக்கு வந்து, பத்து நாள் யாருக்கும் சொல்லாதே என்றாயாம். பகலெல்லாம் ஏரிக்கரையில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, போனில் எகிப்துக் கோயில்களைப் பார்த்தாயாம். ஆற்றில் விழுந்த அந்தப் போன் இப்போதும் அவள் வீட்டில்தான் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறது. கோயிலைப் போனில் பார்த்தாய், தண்ணீரை எதிரே பார்த்தாய், இரண்டையும் ஒட்டி எங்களுக்குக் கொண்டுவந்தாய்.

வளையலைப் பற்றி மட்டும் நான் வாய்விட்டுக் கேட்டேன். அவள் பரணில் ஏறி டப்பாவை எடுத்தாள்.

"தெனம் தண்ணி வரைக்கும் எடுத்துகினு போவாரு. அப்டியே திரும்பி எடுத்துகினு வந்துடுவாரு. இன்னாண்ணே, போட்டுட்டு வாயேன்னு நானே சொன்னேன். இது அந்த ஆறு இல்ல, இதுல போட்டா பொய்யாயிடும்னாரு."

நான் சிரித்துவிட்டேன். அவள் அழுதாள். அந்த அம்மா சந்தோஷமாகத்தானே போனார்கள், அதற்காகவாவது அவரை மன்னித்துவிடுங்கள் என்றாள். எல்லாம் தண்ணீர்தானே, இங்கேயே கடலில் விட்டுவிடுங்கள் என்றும் சொன்னாள். சாப்பிடச் சொன்னாள். அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, ஆனாலும் சாப்பிட முடியாமல் வந்துவிட்டேன்.

பயந்தேன் என்று சொல்லியிருந்தால் நான் என்னடா செய்திருப்பேன்? இரண்டு நாள் கேலி செய்திருப்பேன். தனம் ஒரு வாரம் செய்திருப்பாள். அவ்வளவுதான். அவள் சந்தோஷமாகப் போனாள் என்பது உண்மை. அண்ணே அண்ணே என்று அழைத்தவளைக் கடைசி எட்டு மாதம் முட்டாளாக்கி அனுப்பினாய் என்பதும் உண்மை. அவள் உயிரோடு இருந்தவரை உன்னால் சொல்ல முடியவில்லை என்றால் அதைக்கூட நான் விழுங்கிக்கொள்வேன். அவள் போனபிறகு? அந்தக் கல்லின் மேல், நான் போகிறேன் என்று சொன்னபோது? வளையல் அப்போது பரணில் இருந்தது மாமு. போகாதே என்றுகூட நீ சொல்ல வேண்டாம். இதை எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கலாம். நான் அதைக் கொண்டுபோய் அவள் சொன்ன இடத்தில், அவள் சொன்ன மாதிரியே போட்டிருப்பேன். வெறும் கையோடு அனுப்பிவைத்தாய். இனி இந்தக் காலை வைத்துக்கொண்டு நான் இன்னொரு தடவை அங்கே போகப்போவதில்லை.

நேற்று சாயங்காலம் வளையலை எடுத்துக்கொண்டு நம் கல்லுக்குப் போனேன். அலை காலுக்குக் கீழேதான் அடித்தது. கையை நீட்டினேன், விட முடியவில்லை. நீ ஏரிக்கரையில் பத்து நாள் நின்றது போலவே நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். உன்னைப் போல நான் ஆகிவிட்டது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

நிறுத்து என்று யார் வேண்டுமானாலும் காட்டலாம். நீ காட்டவில்லை. இப்போது இந்த வளையல் மேலே தொங்குகிறது, தூக்கச் சொன்ன கைதான் இறக்கச் சொல்ல வேண்டும். கூண்டிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறேன். விளிம்பில் நீ இல்லை.